தோல் உப்பு கொட்டிய எர்த் குழி

கார் வாங்க வேண்டும் என்று நான் சொன்ன அன்று என் கணவர் சிரிக்கவில்லை, திட்டவும் இல்லை. "யாரு ஓட்டுவாங்க?" என்று மட்டும் கேட்டார். "நான்தான்" என்றேன். அதற்கு அப்புறம்தான் சிரித்தார்.

எனக்கு அந்தச் சிரிப்பு பழக்கம். ஷூ கம்பெனியில் தையல் செக்‌ஷனில் சேர்ந்தபோதும் அப்படித்தான் சிரித்தார். லைனில் உட்கார்ந்து தைத்துக்கொண்டிருந்தவள் செக்கிங் பார்க்கிறவளாகி, பிறகு சூப்பர்வைசர் ஆனபோதும் அதே சிரிப்புதான். இத்தனை வருஷமும் கம்பெனி வேன் பள்ளிகொண்டா ரோட்டில் வந்து ஏற்றிக்கொண்டு ஆம்பூருக்குப் போனது. வேன் டிரைவருக்கு மனசு நல்லபடியாக இருந்தால் நிற்பான், இல்லையென்றால் நாங்கள் ஓட வேண்டும். போன வருஷம் என்னை ராணிப்பேட்டை யூனிட்டுக்கு இன்சார்ஜாகப் போட்டார்கள். சம்பளம் ஏறியது, மரியாதை ஏறியது, வேன் மட்டும் கிடையாது. பஸ்ஸில் போனால் வேலூரில் இறங்கி மாற வேண்டும். காலையில் எப்படியோ போய்விடலாம். கப்பல் ஏற்ற வேண்டிய சரக்கு இருந்து நேரமாகிவிட்டால் திரும்பி வருவதுதான் பெரிய பேஜார்.

"முடியலன்னா வுட்டுட்டு வீட்ல இரு. யாரு உன்ன போவச் சொன்னாங்க?" என்றார் அவர். அதாவது கார் இருந்தால் வேலை, இல்லையென்றால் அடுப்பங்கரை. எனக்கு அது நன்றாகவே புரிந்தது. என் பெயரில், என் சம்பளத்தைக் காட்டி, ஒரு சின்ன மின்சாரக் கார் வாங்கினேன். நாற்பத்தாறு வயதில் லைசென்ஸ் எடுத்தேன். கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்தபின் நான் எனக்காகக் கேட்டது இது ஒன்றுதான். அவர் ஒரு வார்த்தை "சரி" என்று சொல்லிவிடமாட்டாரா என்று இருந்தது. சொல்லவில்லை.

வண்டியோடு ஒரு சார்ஜர் பெட்டி வந்தது. போர்ட்டிகோ சுவரில் மாட்டினார்கள். அதில் ஒரு விளக்கு. பச்சை என்றால் தயார். நீலம் என்றால் சார்ஜ் ஏறுகிறது. சிவப்பு என்றால் கோளாறு. கார்த்திகை மழையில் மாட்டினார்கள், பச்சை எரிந்தது. தை, மாசி வரைக்கும் ஒரு தொந்தரவும் இல்லை. ராத்திரி மாட்டிவிட்டுப் படுப்பேன், காலையில் எடுத்துக்கொண்டு போவேன். பங்குனி பிறந்து மண் காய ஆரம்பித்ததும் ஒருநாள் சிவப்பு மின்னியது.

பெட்டியோடு வந்த புத்தகத்தை எடுத்துப் பார்த்தேன். ஒவ்வொரு மின்னலுக்கும் ஓர் அர்த்தம் போட்டிருந்தான். எங்கள் வீட்டு மின்னலுக்கு எதிரே எர்த் கோளாறு என்று இருந்தது. கம்பெனி நம்பருக்குப் போன் போட்டேன். எடுத்த பெண் ரொம்ப இனிமையாகப் பேசினாள். மெயினை அணைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் கழித்துப் போடச் சொன்னாள். போட்டேன். சிவப்பு. செல்போனில் இருக்கும் ஆப்பை அழித்துவிட்டு மறுபடி ஏற்றச் சொன்னாள். ஏற்றினேன். சிவப்பு. அப்புறம் ஆளை அனுப்பினார்கள். அவர் மீட்டரை வைத்துப் பார்த்துவிட்டு, "எர்த்தே இல்லீங்க மேடம். குழியத் தொறந்து பாக்கணும்" என்றார்.

குழி என்றதும் என் கணவர் நாற்காலியை விட்டு எழுந்தார்.

அந்தக் குழியின் கதையைச் சொல்ல வேண்டும். அவர் ஆம்பூரில் தோல் பதனிடும் ஒரு ஷாப்பில் மேஸ்திரி. பச்சைத் தோல் வந்து இறங்கும் இடம் அவர் பொறுப்பு. தோல் அழுகாமல் இருக்க உப்புப் போட்டுத்தான் லாரியில் அனுப்புவார்கள். ஊறப் போடுவதற்கு முன்னால் அந்த உப்பைத் தட்டி உதறி எடுக்க வேண்டும். மயிரும் சவ்வும் ரத்தமும் ஒட்டிய உப்பு மலை மலையாகச் சேரும். எங்கே கொட்டுவது என்று முதலாளிகளுக்குத் தலைவலி. எங்கள் தெருவில் வரிசையாக வீடு கட்டிய சமயத்தில், இரும்பு பைப் இறக்கும் எர்த் குழிக்குக் கரியும் உப்பும் வேண்டும் என்றார் வயரிங் செய்தவர். "உப்ப யாராவது கடையில வாங்குவாங்களா? நம்ம ஊர்ல?" என்று என் கணவர் ஒரு டெம்போ நிறைய தோல் உப்பைக் கொண்டுவந்து இறக்கினார். எங்கள் குழிக்கு மட்டுமில்லை, தெருவில் எல்லார் குழிக்கும். உப்புதான் இவ்வளவு இருக்கிறதே, கரி எதற்கு என்று கரியையும் விட்டுவிட்டார்கள். உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பார்கள். எங்கள் தெரு அவரை நினைத்தது. அன்றிலிருந்து மோட்டார் வாங்குவதென்றாலும் செப்டிக் டேங்க் கட்டுவதென்றாலும் "மேஸ்திரிய ஒரு வார்த்தை கேட்டுடுங்க" என்பார்கள்.

தெரு நாய்கள்தான் வேறு மாதிரி நினைத்தன. அந்த உப்பின் வாசனைக்கு வந்து குழியை மறுபடி மறுபடி பறித்தன. கடைசியில் எல்லார் வீட்டிலும் கடப்பைக் கல்லை வைத்து மூடி, பைப்பின் வாய் மட்டும் வெளியே தெரிகிற மாதிரி விட்டார்கள். அதற்கப்புறம் யாரும் திறந்து பார்க்கவில்லை.

சார்ஜர் ஆளிடம் என் கணவர் கேட்டார்: "ஃப்ரிட்ஜ் ஓடுது. மோட்டார் ஓடுது. வாஷிங் மிஷின் ஓடுது. அதுக்கெல்லாம் இருக்கிற எர்த், உன் பெட்டிக்கு மட்டும் இல்லியா?"

"அதெல்லாம் எர்த் இருக்கான்னு பாக்காதுங்க சார். இது பாத்துட்டுதான் கரண்டே வுடும்."

"அப்போ உன் பெட்டிக்குத்தான் திமிரு ஜாஸ்தி."

அந்த ஆள் என்னைப் பார்த்தார்.  டீ கொடுத்து அனுப்பிவைத்தேன்.

நானே பார்க்கலாம் என்று இறங்கினேன். வீடியோ பார்த்துக் கற்றுக்கொண்டேன். ஹோல்டரில் ஒரு குண்டு பல்பை மாட்டி, அதிலிருந்து இரண்டு வயர். ஒன்றைக் கரண்ட் வரும் பேஸிலும் இன்னொன்றை அது திரும்பிப் போகும் நியூட்ரலிலும் வைத்தால் பல்பு பளிச்சென்று எரியும். நியூட்ரலுக்குப் பதிலாக எர்த்தில் வைத்தாலும் அதே மாதிரி எரிய வேண்டும். எங்கள் வீட்டில் பல்புக்குள் இருக்கும் கம்பி மட்டும் லேசாகச் சிவந்தது. மண் காய்ந்துவிட்டதுதான் காரணம் என்று நினைத்து, பைப்பின் வாயில் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றினேன். பெட்டி பச்சையானது! அன்றைக்கு எனக்குப் பரீட்சையில் பாஸான மாதிரி இருந்தது. மறுநாள் சாயந்தரம் மறுபடி சிவப்பு. மறுபடி குடம். எதிர்வீட்டு அக்கா வாசலில் நின்று, "செடியே இல்லாத இடத்துக்கு தினம் தண்ணி ஊத்துறியே, இன்னா மொளைக்கும்னு?" என்று கேட்டு எல்லாரையும் சிரிக்க வைத்தார். நானும் சிரித்தேன். சித்திரை வந்ததும் எத்தனை குடம் ஊற்றினாலும் சிவப்புதான். பல்பு சுத்தமாக எரியவே இல்லை.

"குழியத் தோண்டிடலாங்க. ஒருநாள் வேலை" என்றேன்.

"இத்தன வருஷமா யார் வூட்லயாவது எதுனா ஆயிருக்கா? வண்டியே கோளாறு. குடுத்துட்டு வேலைய பாரு."

தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால். எனக்கு அவர் மனசு தெரியாமல் இல்லை. நம் வீட்டுக் குழியைத் தோண்டினால் தெருவே வந்து நிற்கும். உப்பு என்ன செய்திருக்கிறது என்று பார்த்துவிட்டு, ஒவ்வொருவரும் தன் வீட்டுக் கல்லைப் புரட்டுவார்கள். அப்புறம் மேஸ்திரியை யார் ஒரு வார்த்தை கேட்பார்கள்? அவருக்கு அதுதான் பெரிசு. எனக்கு வேலை பெரிசு. இரண்டும் ஒரே கல்லுக்கு அடியில் கிடந்தன.

அந்த மாதம் நான் பட்டது கொஞ்சமில்லை. வேலூர் தாண்டி ஹைவேயில் ஓர் ஓட்டலில் சார்ஜ் போடும் இடம் இருந்தது. வேலை முடிந்து வரும் வழியில் அங்கே வரிசையில் நிற்பேன். எனக்கு முன்னால் டாக்சிக்காரர்கள் நிற்பார்கள். சமையல் செய்து வைக்க நேரமாகிறது என்று வீட்டில் முறைப்பு. காலையில் போகும்போது சார்ஜ் குறைந்து இரண்டு தடவை லேட்டாகப் போனேன். யூனிட் மேனேஜர் என்னிடம், "வீட்டுப் பிரச்சனைய வீட்லயே முடிச்சுட்டு வாங்கம்மா" என்றார். நேரம் கழித்து வருகிற தையல் பெண்களிடம் நான் சொல்லும் அதே வாக்கியம். காருக்குள் வந்து உட்கார்ந்து அழுதேன். விட்டுவிடலாம் என்றுகூடத் தோன்றியது.

அப்போதுதான் அது நடந்தது. குடியாத்தத்தில் என் தங்கை வீட்டில் ஒரு வளைகாப்பு. ஞாயிற்றுக்கிழமை நானும் என் மகளும் போய்விட்டு மத்தியானம் திரும்பினோம். போர்ட்டிகோவில் பெட்டி பச்சையாக எரிந்துகொண்டிருந்தது. நான் செருப்பைக்கூடக் கழற்றாமல் வயரை எடுத்து மாட்டினேன். நீலம்! உள்ளே அவர் டிவி பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னாங்க, பச்சை எரியுது?"

"சரி பண்ணிட்டேன்" என்றார், டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"எப்படி? குழியத் தொறந்தீங்களா?"

"கொஞ்சம் வேலை இருந்துச்சு. பாத்துட்டேன். உனுக்கு இன்னா, எரிஞ்சா சரிதான?"

எரிந்தால் சரிதான். நான் வேறு எதுவும் கேட்கவில்லை. எனக்குக் கண் கலங்கியது என்பதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் கலங்கியது. நாங்கள் இல்லாத நேரம் பார்த்து, யாருக்கும் தெரியாமல், தன் வீம்பை விட்டுக்கொடுத்து இதைச் செய்திருக்கிறார் என்று நினைத்தேன். வாய் திறந்து சொல்லாத "சரி"யை இப்படிச் சொல்கிறார் என்று நினைத்தேன். அன்று ராத்திரி அவருக்குப் பிடித்த கோலா உருண்டை செய்தேன். யூனிட்டில் எல்லாரிடமும் சொல்லிப் பெருமைப்பட்டேன். "எங்க வீட்டுக்காரர் வாயிலதான் அப்படி. மனசு தங்கம்." இந்த வாக்கியத்தை எத்தனை பேரிடம் சொன்னேன் என்று நினைத்தால் இப்போது நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருக்கிறது.

வெயில் காலம் முழுவதும் பச்சை. தண்ணீர் ஊற்றாமலே பச்சை. அதில் சந்தேகம் வந்திருக்க வேண்டும். சந்தோஷமாக இருக்கிறவளுக்கு எங்கே சந்தேகம் வரும்?

ஆடி கழிந்து மழை பிடித்தது. ஒருநாள் விடிந்து நான் கிளம்பும் நேரம், நல்ல காற்றோடு மழை. சமையலறையில் மிக்ஸி பாதியில் நின்றது, ஃபேன் நின்றது. கரண்ட் போய்விட்டது என்று நினைத்தேன். அவர் முதல் ஷிப்டுக்குப் போய்விட்டிருந்தார். சார்ஜ் போதும், வயரைக் கழற்றிவிட்டுக் கிளம்பலாம் என்று போர்ட்டிகோவுக்கு வந்தேன். சாரல் அடித்துத் தரை ஈரம். வெறுங்காலோடு போய்க் கார்க் கதவின் பிடியைத் தொட்டேன்.

கரண்ட் இல்லாத வீட்டில் கரண்ட் அடிக்கும் என்று யாருக்குத் தெரியும்? யாரோ கையைப் பிடித்து முறுக்கி எறிந்த மாதிரி இருந்தது. சுவரில் போய் விழுந்தேன். முழங்கை அடிபட்டு ரத்தம் வந்தது. கத்தினேனா என்று எனக்கே தெரியாது. மகள் ஓடி வந்து, என்னைத் தொடாமல் இரண்டடி தள்ளி நின்று, ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலால் என்னைக் காரிலிருந்து தள்ளிப் போகச் சொல்லிச் சைகை காட்டியபடி அழுதாள். காலேஜில் படிக்கிற பெண், விவரமானவள் என்று அந்த நிலையிலும் நினைத்துக்கொண்டேன்.

லைன்மேன் வந்து கம்பத்தில் ஏறினார். நியூட்ரல் கம்பி அறுந்திருந்தது. அது அறுந்தால் விளக்கு எரியாது, ஆனால் வீட்டுக்குள் பேஸ் வந்துகொண்டுதான் இருக்கும் என்றார். கம்பியைக் கட்டிவிட்டு, "அதுக்காக காரு பாடியில ஷாக் வரக்கூடாதேம்மா. உள்ள எங்கியோ தப்பு இருக்கு, பாத்துடுங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த தெருவுக்குப் போய்விட்டார்.

யூனிட்டுக்கு லீவு சொன்னேன். மெயினை அணைத்து, ஃபியூஸையும் பிடுங்கி வைத்துவிட்டு, சார்ஜருக்குப் பக்கத்தில் இருக்கும் ஸ்விட்ச் பெட்டியின் மூடியைக் கழற்றினேன். சார்ஜர் கம்பெனி ஆள் மாட்டிய வயர்கள் மூன்றும் அப்படியே இருந்தன. நடுவில் புதிதாக ஒரு விரல் நீளக் கறுப்பு வயர். ஒரு முனை நியூட்ரலில், மறு முனை எர்த்தில். ஸ்க்ரூ தளராமல் இருக்க அடியில் சின்னத் தோல் துண்டு வெட்டி வைத்திருந்தது. எங்கள் வீட்டில் ஆடுகிற கட்டில் காலிலிருந்து அடுப்பங்கரைக் கதவு வரைக்கும் அவர் கைபட்ட எல்லா இடத்திலும் அந்த மாதிரி ஒரு தோல் துண்டு இருக்கும்.

வீடியோக்களில் அதைப் பற்றி எச்சரித்திருந்தார்கள். எர்த் இல்லாத வீட்டில் நியூட்ரலை எர்த்தோடு இணைத்துவிட்டால் பெட்டி ஏமாந்துபோய்ப் பச்சை காட்டும். நியூட்ரல் நன்றாக இருக்கும்வரை ஒன்றும் தெரியாது. அது அறுந்த அன்றைக்குக் கார் முழுக்கக் கரண்ட் நிற்கும். எங்கள் வேலையில் குறை இருக்கும் இடத்தைக் காட்ட ஷூவின் மேல் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டுவோம். சில பேர் குறையைச் சரி செய்யாமல் ஸ்டிக்கரை மட்டும் உரித்துவிட்டு அடுத்த டேபிளுக்குத் தள்ளுவார்கள். அவர்களை நான் வெளியே நிற்க வைப்பேன். என் கணவர் செய்திருந்தது அதுதான். அந்த வயரை எடுத்துவிட்டு மெயினைப் போட்டேன். சிவப்பு எரிந்தது.

சாயந்தரம் அவர் வந்ததும் டீயோடு அந்த வயரையும் முன்னால் வைத்தேன். முழங்கைக் கட்டைக் காட்டினேன். அவர் முகம் வெளுத்தது. அது நிஜம், அதை நான் மறைக்க மாட்டேன்.

"ஷாப்ல எலக்ட்ரீஷியன் சொன்னான், அப்டி போட்டா எரியும்னு. எல்லாரும் அப்டிதான் போடுறாங்களாம். ஷாக் அடிக்கும்னு எனுக்கு இன்னா தெரியும்?" என்றார். பிறகு, "ரொம்ப வலிக்குதா?" என்று கேட்டார்.

தெரியாமல் செய்தவனை என்ன செய்ய முடியும்? கோபம் இருந்தது. ஆனால் எரிய வேண்டும் என்றுதானே செய்தார், நான் படுகிற பாட்டைப் பார்த்துத்தானே செய்தார் என்று மனசு அவருக்காக வாதாடியது. புருஷனுக்காக வாதாட எந்தப் பெண்ணுக்கும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. குழியைத் தோண்டுவதற்கு அவர் இந்தத் தடவை மறுப்புச் சொல்லவில்லை. தோண்டும் நாளில் மட்டும் ஓவர்டைம் இருக்கிறது என்று ஆம்பூருக்குப் போய்விட்டார்.

ஆட்கள் வந்து கல்லைப் புரட்டியதும் நாற்றம் கிளம்பியது. முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு தெரு வந்து நின்றது. பைப்பை உப்பு தின்றிருந்தது. கையால் பிடித்து இழுத்ததும் துரு துருவாக உதிர்ந்தது. வயர் அதைத் தொடாமல் அந்தரத்தில் தொங்கியது. எதிர்வீட்டு அக்கா இந்தத் தடவை சிரிக்கவில்லை. "அப்போ எங்க வூட்லயும் இப்டிதான் இருக்குமா?" என்று கேட்டார். நான் தலையாட்டினேன். வேறு இடத்தில் புதுக் குழி போட்டு, செம்பு பூசிய கம்பி இறக்கி, கடையில் விற்கும் பவுடரைக் கொட்டி மூடினார்கள். பல்பை வைத்துப் பார்த்தேன். பளிச்சென்று எரிந்தது. பெட்டியில் பச்சை.

அன்று மாலை வயரை எடுத்துக் காரில் மாட்டினேன். நீலம் மின்னியது. மகள் காலேஜிலிருந்து வந்து, பையோடு போர்ட்டிகோ படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுடைய குடை காரின் பின்சீட்டில் கிடந்தது. கார்ப் பக்கம் கையை நீட்டியவள், பாதியில் நிறுத்தி என்னைப் பார்த்துக் கேட்டாள்:

"இப்போ தொடலாமாம்மா?"

"ஏன், முன்னாடி தொடக்கூடாதா?"

"அப்பாதான் சொல்லியிருந்தாரே, வயர் மாட்டி இருக்கும்போது வண்டிகிட்ட போவாதன்னு. வளைகாப்புக்குப் போய்ட்டு வந்தோம்ல, அன்னிக்கே சொல்லிட்டாரு. உன்கிட்டயும் சொல்லியிருப்பாருன்னு நெனச்சேன்."

நான் அவளுக்குக் குடையை எடுத்துக் கொடுத்தேன். அவள் உள்ளே போனாள்.

அவர் வர இருட்டிவிட்டது. கைகால் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தார். தட்டு வைத்தேன், சோறு போட்டேன். பாப்பாவிடம் சொன்னீர்களாமே என்று கேட்டேன். அவர் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார். இல்லையென்று சொல்வார் என்று எதிர்பார்த்தேன். சொன்னால் நம்பக்கூடத் தயாராக இருந்தேன்.

"அது பொண்ணு. தெரியாம கைய வச்சுடும்" என்றார்.

"நானு?"

ஒரு வாய் எடுத்துப் போட்டு மென்றார். பிறகு தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "உன்கிட்ட சொல்லியிருந்தா நீ குழியத் தோண்டியிருப்ப."

அதில் பொய் எதுவும் இல்லை. தோண்டியிருப்பேன்.